தோற்ற பிறகும் வழக்குப் போட்டுக்கொண்டே இருப்பவரை என்ன செய்வது?

ஒரு வேலித் தகராறு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடி நிலம். ஒருவர் வழக்குப் போடுகிறார், தோற்கிறார், மேல்முறையீடு செய்கிறார், அங்கும் தோற்கிறார். இதுவரை வியப்பதற்கு ஒன்றுமில்லை, எந்த வழக்கிலும் ஒருவர் தோற்றுத்தான் ஆகவேண்டும். அதற்கு அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. நிலத்தை அளந்த சர்வேயர் பொய்யாக அளந்தார் என்று அவர்மேல் ஒரு வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தை ஏமாற்றினார் என்று இன்னொன்று. தன் சொந்த வக்கீலே விலைபோய்விட்டார் என்று மற்றொன்று. சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்மேல் ஒரு கிரிமினல் புகார். எல்லாம் தள்ளுபடியான பிறகு, தள்ளுபடி செய்த நீதிபதிமேலேயே ஒன்று. முதல் வழக்கு இரண்டு அடி நிலத்தைப் பற்றியது, ஏழாவது வழக்கு முதல் ஆறு வழக்குகளைப் பற்றியது.

இது நான் சும்மா கட்டிய உதாரணம்தான். ஆனால் இந்தப் போக்கு நீதிமன்றங்களுக்கு நன்றாகப் பழக்கமானது. 1987ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண உயர் நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களை அடையாளம் காணும் குறிகளை ஒரு தீர்ப்பில் தொகுத்துச் சொன்னது: தீர்ந்துபோன விஷயத்தையே மறுபடி கிளப்புவது, ஜெயிக்க வழியே இல்லை என்று பார்த்தவுடனே தெரியும் வழக்கைப் போடுவது, பழைய வழக்கின் சரக்கையே புதிய வழக்கிலும் ஏற்றி, மேலும் கொஞ்சம் சேர்த்து, கூடவே வக்கீல்களையும் பிரதிவாதிகளாக இழுத்துவிடுவது, தோற்றதற்காக எதிராளிக்குக் கட்டச் சொன்ன செலவுத்தொகையைக் கட்டாமலே இருப்பது, தோற்ற ஒவ்வொன்றுக்கும் மேல்முறையீடு போவது. இன்னொன்றும் சொன்னது. ஒரு வழக்கைத் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தால் போதாது, அந்த மனிதர் வழக்காடிய முழு வரலாற்றையும் பார்க்க வேண்டும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் நீதிமன்றங்கள் வழக்கமாகச் செய்யாத, செய்யக் கூடாது என்று பழக்கப்பட்ட ஒரு வேலை இது. மற்ற நாள்களில் எல்லாம் வழக்கைப் பார், ஆளைப் பார்க்காதே என்பதுதான் விதி.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வம்பு வழக்கு. 'எந்த வம்பு வழக்குக்கும் போகாத மனுஷன்' என்று ஒருவரைப் பாராட்டும்போது இரண்டு சொல்லையும் சேர்த்தேதான் சொல்லிப் பழகியிருக்கிறோம், வழக்கு என்றாலே வம்பும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதுபோல. சட்டம் அவ்வளவு சுலபமாக இரண்டையும் சேர்த்துவிடாது. தோற்ற வழக்கெல்லாம் வம்பு வழக்கு ஆகாது, கோபத்தில் போட்ட வழக்கும் ஆகாது, பணக்காரர்மேல் ஏழை போட்ட, ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த வழக்கும் ஆகாது. 2000ல் இங்கிலாந்தின் அன்றைய தலைமை நீதிபதி பிங்கம் பிரபு ஒரு தீர்ப்பில் கொடுத்த விளக்கம் இன்றும் பல நாடுகளில் எடுத்தாளப்படுகிறது. அதன் சாரம் இது: சட்டப்படி வம்பு வழக்குக்கு அடிப்படை மிகக் குறைவு, அல்லது எதுவும் இல்லை, குறைந்தபட்சம் இருப்பதாகத் தெரியவில்லை. போட்டவருடைய எண்ணம் என்னவாக இருந்தாலும் சரி, அதன் விளைவு எதிராளிக்கு அலைச்சலும் தொல்லையும் செலவும்தான், அதுவும் போட்டவருக்குக் கிடைக்கக்கூடிய பலனுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில். நீதிமன்ற நடைமுறையை அது உண்டாக்கப்பட்ட நோக்கத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்துவதாகவும் அது இருக்கும்.

'எண்ணம் என்னவாக இருந்தாலும்' என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். இப்படி வழக்குப் போடுபவர்களில் பலர் மனசாரத் தாங்கள் சொல்வது உண்மை என்று நம்புகிறவர்கள். அவர்களிடம் கெட்ட எண்ணத்தை நிரூபித்தால்தான் நிறுத்தலாம் என்று விதி இருந்தால் ஒருவரைக்கூட நிறுத்த முடியாது.

சரி, சாதாரணமாக நீதிமன்றத்திடம் இருக்கும் ஆயுதங்கள் போதாதா? இருக்கத்தான் இருக்கின்றன. ஒருமுறை தீர்ந்த விஷயத்தை அதே தரப்பினர் மறுபடி கிளப்ப முடியாது என்ற முன்தீர்ப்புத் தடை அநேகமாக எல்லா நாட்டுச் சட்டத்திலும் உண்டு. இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அது 11ஆம் பிரிவு. வழக்குக்கான காரணமே இல்லாத பிராதைத் தொடக்கத்திலேயே நிராகரிக்க அதே சட்டத்தில் ஏழாம் கட்டளை 11ஆம் விதி இருக்கிறது. 1977ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர், காலி செய்யச் சொல்லி உத்தரவான ஒரு வாடகைதாரர் தீர்ப்புக்குப் பணியாமல் புதுப்புது வழக்காகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கொதித்துப்போய், சாமர்த்தியமான எழுத்தால் வழக்கு இருப்பதுபோல் ஒரு தோற்றம் காட்டினால் அதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று கீழ்நீதிமன்றங்களுக்குச் சொன்னார். செலவுத்தொகை என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் பொய்யான, தொல்லை தரும் கோரிக்கைக்காக எதிராளிக்கு ஈடு கொடுக்கச் சொல்லும் 35ஏ பிரிவின்படி சாதாரண சிவில் வழக்குகளில் அதிகபட்சம் 3,000 ரூபாய்தான் விதிக்க முடியும். அச்சுப்பிழை இல்லை, மூவாயிரம்தான். வக்கீலின் ஒருநாள் வாய்தாவுக்குக் காணுமா என்பதே சந்தேகம்.

தொகை பெரிதாக இருந்தாலும் இந்த ஆயுதங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. எல்லாமே வழக்குப் பதிவான பிறகு வேலை செய்பவை, அந்த ஒரு வழக்கின்மேல் மட்டும் வேலை செய்பவை. பிராதை நிராகரிக்கக் கேட்டு மனுப்போடவே எதிராளி ஒரு வக்கீலைப் பிடித்தாக வேண்டும், வாய்தாவுக்குப் போயாக வேண்டும், வேலைக்கு லீவு போட்டாக வேண்டும். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுத்த சம்மன் காத்திருக்கும். செலவுத்தொகைக்குப் பயப்படுகிறவர், இழக்க ஏதாவது வைத்திருப்பவர். கையில் ஒன்றுமில்லாதவரிடம் லட்ச ரூபாய்க்கு உத்தரவு வாங்கினாலும் அது வெறும் தாள்தான். ஒவ்வொரு வழக்கிலும் தோற்கும் ஒருவர், ஒவ்வொரு வழக்கிலும் ஜெயிக்கும் ஒருவரைப் பத்து வருஷத்தில் ஓட்டாண்டியாக்கிவிட முடியும். விசித்திரமாக இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அதனால்தான் வழக்கை விட்டுவிட்டு, வழக்கு உள்ளே வரும் வாசலில் ஓர் ஆளை நிறுத்தும் யோசனை வந்தது. அந்த யோசனைக்குக் காரணமானவர் அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்ற லண்டன்காரர். சட்டத்தொழில் தெரிந்தவர். 1872ல் ட்விஸ் சீமாட்டியின் கடந்தகாலம் பற்றி அவர் கிளப்பிய குற்றச்சாட்டு பெரிய ஊழலாக வெடித்தது. அவதூறு வழக்கில் சீமாட்டி குறுக்கு விசாரணையைத் தாங்க முடியாமல் பாதியிலேயே விலகிக்கொள்ள, கணவர் சர் ட்ராவர்ஸ் ட்விஸ் தான் வகித்த உயர்ந்த சட்டப் பதவிகளைத் துறந்தார். சாஃபர்ஸை அதற்குப் பிறகு யாரும் சீந்தவில்லை. 1890களில் அவர் வழக்குப் போட ஆரம்பித்தார். மொத்தம் 48 வழக்குகள், வேல்ஸ் இளவரசர், கேன்டர்பரி பேராயர், நாடாளுமன்ற சபாநாயகர் என்று பெரிய தலைகளாகப் பார்த்து. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார், செலவுத்தொகையும் கட்டவில்லை. நாடாளுமன்றம் 1896ல் ஒரு சிறிய சட்டத்தைப் போட்டது: ஒருவர் வாடிக்கையாகவும் விடாப்பிடியாகவும் நியாயமான காரணமின்றியும் தொல்லை வழக்குகளைப் போட்டு வந்தால், அரசின் தலைமை வழக்குரைஞர் கேட்டுக்கொண்டதன் பேரில், இனி உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவர் வழக்குப் போடக் கூடாது என்று உத்தரவிடலாம். அடுத்த வருஷமே அந்தச் சட்டம் முதன்முதலாகப் பாய்ந்தது, எதிர்பார்த்தபடியே, சாஃபர்ஸ்மேல். இளவரசர்மேல் வழக்கு வராமல் சாதாரணக் கடைக்காரர்மேல் 48 வழக்கு வந்திருந்தால் நாடாளுமன்றம் இவ்வளவு வேகம் காட்டியிருக்குமா என்பது என் சந்தேகம்.

நீதிமன்றங்கள் அதற்கு முன்பும் சும்மா இருக்கவில்லை. 1887லேயே லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே வழக்கில் திரும்பத் திரும்ப மனுப்போட்டவர்களை அனுமதியின்றி இனி மனுப்போடக் கூடாது என்று தன் இயல்பான அதிகாரத்தின்கீழ் தடுத்திருக்கிறது. ஆனால் அது நடந்துகொண்டிருந்த அந்த ஒரு வழக்குக்குள் மட்டும்தான். புதிய வழக்கு என்று புதிய எண்ணோடு வந்தால் அந்த உத்தரவு எட்டாது.

இங்கிலாந்துக்கு வெளியே 1949ல் சென்னை மாகாணம் இதே மாதிரி ஒரு சட்டத்தை இயற்றியது, தொல்லை வழக்குகளைத் தடுக்கும் சட்டம். மொத்தமே சில பிரிவுகள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். மாகாண அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் ஐகோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். அந்த நபர் சொல்வதை ஐகோர்ட் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழை என்றால் நீதிமன்றமே அவருக்கு ஒரு வக்கீலை ஏற்பாடு செய்யலாம். அப்புறம்தான் உத்தரவு. சென்னை நகரத்தில் வழக்குப் போட ஐகோர்ட் அனுமதி, மற்ற இடங்களில் மாவட்ட நீதிபதியின் அனுமதி. முகாந்திரம் இருந்தால்தான் அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாமல் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். உத்தரவு அரசிதழில் வெளியாகும். இதில் கவனிக்க வேண்டியது, சிவில் வழக்கு, கிரிமினல் வழக்கு இரண்டையும் இந்தச் சட்டம் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்து கிரிமினல் வழக்குகளுக்கும் இந்த வகை உத்தரவைக் கொண்டுவந்தது 1985ல்தான். வம்புக்காரர் சிவில் கோர்ட்டோடு நிற்க மாட்டார், போலீஸ், மாஜிஸ்திரேட் என்று போவார் என்பது சென்னைச் சட்டத்தை எழுதியவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு உகந்ததுதானா என்ற கேள்வி 1965ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது, ஆந்திரத்தில் இப்படித் தடை விதிக்கப்பட்ட ஒருவரிடமிருந்து. நீதிமன்றம் சொன்ன பதில் சுருக்கமானது: யாருடைய உரிமையும் பறிக்கப்படவில்லை, முகாந்திரம் இருக்கிறதா என்று ஒரு சோதனை மட்டும் வைக்கப்படுகிறது, வாடிக்கையாகத் தொல்லை கொடுத்தவர் அந்தச் சோதனைகூட இருக்கக் கூடாது என்று கேட்க முடியாது, சட்டம் செல்லும். ஆனால் வேடிக்கை, அந்த மனிதர் மேலிருந்த உத்தரவு மட்டும் ரத்தாகிவிட்டது. பழைய சென்னை மாகாணத்துக்காக எழுதிய சட்டம் ஹைதராபாத் பகுதிக்குச் சட்டப்படி போய்ச் சேரவே இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கண்டார்கள். எத்தனையோ வழக்கில் தோற்று வம்புக்காரர் என்று பெயரெடுத்தவர், வம்புக்காரர் என்ற முத்திரையை எதிர்த்துப் போட்ட வழக்கில் ஜெயித்தார்!

மகாராஷ்டிரம் 1971ல் இதேபோல் ஒரு சட்டம் செய்தது. 2005ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 192ஆவது அறிக்கையில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அகில இந்தியச் சட்டம் வரவில்லை. இருக்கும் மாநிலச் சட்டங்களிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு: சாவி அட்வகேட் ஜெனரல் கையில் இருக்கிறது. ஐம்பது வழக்கில் அலைக்கழிக்கப்பட்ட தனிமனிதர் ஒருவர் எப்படி அட்வகேட் ஜெனரலின் கவனத்துக்குப் போவார்? அரசைத் தொந்தரவு செய்தவர் அரசின் வக்கீல் கண்ணில் படுவது சுலபம், அயலாரைத் தொந்தரவு செய்தவர் அவ்வளவு சுலபத்தில் படமாட்டார்.

இதே முட்டுக்கட்டை இங்கிலாந்திலும் இருந்தது. அரசின் தலைமை வழக்குரைஞர் எல்லா வழக்குகளின் கட்டுகளையும் சேகரித்து, தொகுத்து, உயர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்குவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். 2003ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுமை இழந்து, சாரமே இல்லாத மனுக்களைப் படிப்பதில் நீதிபதிகளின் நேரம் எவ்வளவு வீணாகிறது என்று வெளிப்படையாகவே எழுதி, படிப்படியான தடை உத்தரவுகளுக்கு வழி வகுத்தது. அடுத்த வருஷம் அது விதியாகவே வந்துவிட்டது. மூன்று படிகள். ஒரே வழக்கில் சாரமற்ற மனுக்கள் இரண்டோ அதற்கு மேலோ போட்டால், அந்த வழக்குக்குள் மட்டும் தடை. விடாப்பிடியாகத் தொடர்ந்தால், அந்த விவகாரத்தைத் தொட்டுவரும் எல்லா வழக்குகளுக்கும் தடை. அதற்கும் அடங்கவில்லை என்றால், எந்த விவகாரமானாலும் சரி, அனுமதி வாங்கிவிட்டு வா.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த விஷயம் மூன்று படிகளைவிட அதற்குக் கீழே ஓடும் ஒரு சின்ன வேலை. ஒரு நீதிபதி ஒரு மனுவைத் தள்ளும்போது, இது முற்றிலும் சாரமற்றது என்று அவருக்குத் தோன்றினால் அதை உத்தரவிலேயே எழுதிவைக்க வேண்டும், எழுதும்போதே இவருக்குத் தடை போடலாமா என்றும் யோசிக்க வேண்டும். அதாவது கணக்கு அன்றன்றைக்கே எழுதப்படுகிறது. பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் பழைய கட்டுகளைத் தூசி தட்டிப் படித்து எது வம்பு, எது வெறும் தோல்வி என்று பிரிக்க வேண்டியதில்லை. தடையை மீறி வழக்குப் போட்டால் அது தானாகவே தள்ளுபடி. நீதிபதி தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை, எதிராளி பதில் கொடுக்கவும் வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் பாதிக்கப்பட்டவருக்கு உயிர். அவர் ஒரு வக்கீலைக் கூப்பிட வேண்டாம், ஒருநாள் லீவு போட வேண்டாம், தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம்.

அனுமதி கேட்கும் மனுக்களே வெள்ளமாக வந்தால்? வரும், வந்திருக்கிறது. அதற்கும் விதி இருக்கிறது: சாரமில்லாத அனுமதி மனுக்களையே தொடர்ந்து போட்டால், இனி அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. அந்த நாட்டிலேயே இப்படி முதலில் சட்டம் செய்த மாநிலம் அது, 1963ல். எடைபோடுவதைக் குறைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தது. ஏழு வருஷத்துக்குள் ஐந்து வழக்குகள், சின்னத் தொகைக்கான சிறு கோரிக்கை நீதிமன்ற வழக்குகளைச் சேர்க்காமல், வக்கீல் இல்லாமல் தானே நடத்தித் தோற்றிருந்தால் அவர் வம்பு வழக்காளர் என்ற வரையறைக்குள் வந்துவிடுவார். தீர்ந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கிளப்புவது, வீண் மனுக்களாகப் போட்டுத் தாமதப்படுத்துவது என்று வேறு வழிகளிலும் வரலாம். முதலில் இதற்கு விளைவு, எதிராளியின் செலவுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பது மட்டும்தான். வழக்குப் போடுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்ற உத்தரவு 1990ல் சேர்ந்தது. பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறி, மாநிலத்தின் எல்லா நீதிமன்ற எழுத்தர்களுக்கும் போய்விடும், அதனால் ஊர் மாறிப் போட்டாலும் கவுன்ட்டரிலேயே மாட்டிக்கொள்வார். டெக்சஸும் 1997ல் இதே மாதிரி எண்ணிக்கை முறையைக் கொண்டுவந்தது.

எண்ணுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, நீதிபதியின் கோபதாபத்துக்கு இடம் குறைவு. ஆனால் எண்ணிக்கைக்குள் யாரை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வக்கீல் இல்லாமல் தானே நடத்தியவை மட்டும். கலிஃபோர்னியாவின் முன் அனுமதி உத்தரவும் அவர் தானே நேரில் போடும் வழக்குகளைத்தான் தடுக்கிறது, வக்கீல் மூலமாக வந்தால் கதவு திறந்திருக்கும். இதற்குச் சொல்லப்படும் நியாயம், வக்கீலுக்குத் தொழில் ஒழுக்கம் இருக்கிறது, வீண் வழக்கில் கையெழுத்துப் போட்டால் அவர்மேல் நடவடிக்கை வரும், ஆகவே அவரே ஒரு வடிகட்டி. ஓரளவுக்குச் சரிதான். ஆனால் நடைமுறையில் இதன் பொருள், பணமிருந்தால் வடிகட்டியை வாங்கிக்கொள்ளலாம் என்பதும்தான்.

சிறைக் கைதிகள் விஷயத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்காவின் 1996ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, கைதி ஒருவரின் மூன்று வழக்குகள் அற்பமானவை என்றோ, கெட்ட நோக்கமுள்ளவை என்றோ, சட்டப்படி கோரிக்கையே இல்லாதவை என்றோ தள்ளப்பட்டால், அதற்குப் பிறகு அவருக்கு ஏழைகளுக்கான கட்டணச் சலுகை கிடையாது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லித் தள்ளிய வழக்கும் அந்த மூன்றில் ஒன்றாகவே எண்ணப்படும் என்று 2020ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டக்கூடிய கைதிக்கு இந்த மூன்று கணக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். ஒரு பெரிய நிறுவனம் தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்மேல் அவதூறு வழக்குப் போடுகிறது. நல்ல வக்கீல்கள், அழகான மனு, ஒவ்வொரு தாளும் சட்டப்படி சுத்தம். ஜெயிப்பது நோக்கமே இல்லை, எதிராளியின் பணமும் தெம்பும் தீரும்வரை இழுப்பதுதான் நோக்கம். பிங்கம் பிரபுவின் விளக்கத்தில் சொன்ன அலைச்சலும் தொல்லையும் செலவும் இங்கே அப்படியே இருக்கின்றன. ஆனால் இந்த நிறுவனம் எந்தப் பட்டியலிலும் ஏறாது, ஏனென்றால் அது ஏழு வருஷத்தில் ஐந்து வழக்குத் தோற்பதில்லை, எதிராளி சோர்ந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இந்த வகைக்கு 1980களில் டென்வர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் ஸ்லாப் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் கன்னத்தில் விடும் அறை என்ற பொருளும் வருகிற சுருக்கப்பெயர். தமிழில் வாய்ப்பூட்டு வழக்கு என்று சொன்னால் பொருந்தும். இதற்குத் தனி வைத்தியம் வேண்டியிருந்தது: கலிஃபோர்னியா 1992ல், ஐரோப்பிய ஒன்றியம் 2024ல், பொதுப் பேச்சை அடக்கப் போட்ட வழக்குகளை ஆரம்பத்திலேயே தள்ளி, போட்டவரிடமே செலவை வாங்க வழிசெய்தன. இங்கிலாந்து 2023ல் செய்த ஏற்பாடு பொருளாதாரக் குற்றங்கள் பற்றிய செய்திகளோடு நின்றுவிட்டது. வம்பு வழக்குத் தடை என்ற ஆதிச் சட்டம் பிறந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆனபிறகுதான், கோட்டு போட்ட வக்கீலோடும் வம்பு வரும் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம் தாமதம்.

குடும்ப நீதிமன்றங்களில் இதே தொல்லைக்கு இன்னொரு முகம். பிரிந்துபோன மனைவியையோ கணவரையோ நேரில் நெருங்க முடியாது, பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது. ஆனால் குழந்தையைப் பார்க்க வேண்டும், பள்ளியை மாற்ற வேண்டும், விடுமுறையைப் பிரிக்க வேண்டும் என்று மாதம் ஒரு மனுப் போட்டால் மாதம் ஒருமுறை அவரை நீதிமன்றத்துக்கு வரவழைத்து எதிரே உட்காரவைக்கலாம். இங்கிலாந்தின் 1989ஆம் வருஷக் குழந்தைகள் சட்டத்தில் இதைத் தடுக்க ஒரு பிரிவு இருந்தும், அதை ரொம்ப அபூர்வமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் நீதிபதிகளிடம் இருந்தது. 2021ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், மனுவால் குழந்தைக்கோ மற்றவருக்கோ தீங்கு வரும் என்றால் தடை போடலாம் என்று தெளிவாக்கியது. இங்கே ஐந்து தோல்வி வரை எண்ணிக்கொண்டிருந்தால் குழந்தை வளர்ந்தே போய்விடும்.

நீதிமன்றத்தை நாடும் உரிமை என்னாவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆராய்ச்சி மணியைப் பசு அடித்தாலும் அரசன் இறங்கி வந்தான் என்று கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையில் பசு ஒருமுறைதான் அடித்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1975லேயே நீதிமன்றத்தை அணுகும் உரிமை அடிப்படையானது, ஆனால் வரம்பே இல்லாதது இல்லை என்று சொல்லிவிட்டது. உத்தரவுக்கு முன் வம்புக்காரர் தரப்பைக் கேட்பது, வக்கீல் இல்லாவிட்டால் ஒருவரைக் கொடுப்பது, முகாந்திரம் உள்ள வழக்குக்கு அனுமதி கொடுப்பது, இவை இருக்கும்வரை இது பூட்டு இல்லை, வெறும் காவல். அந்த மனிதருடைய வீட்டில் நிஜமாகவே திருட்டு நடக்கலாம், அவருடைய சம்பளத்தை நிஜமாகவே யாரோ பிடித்துவைத்திருக்கலாம். அப்போது அவருடைய பழைய நாற்பது வழக்குகளை மறந்துவிட்டு நாற்பத்தொன்றாவதை மட்டும் படிக்கும் பொறுமை வாசலில் நிற்கும் நீதிபதிக்கு இருக்க வேண்டும். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. மனித சுபாவத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, பெயரைப் பார்த்தவுடனே 'மறுபடியும் இவரா' என்று தோன்றாமல் இருப்பது கஷ்டம்.

எல்லையற்ற தடைகள் எனக்கு உறுத்துவது அதனால்தான். 2017ல் இந்திய உச்ச நீதிமன்றம், 64 பொதுநல மனுக்கள் போட்டு ஒன்றில்கூட ஜெயிக்காத ஓர் அறக்கட்டளைக்கு 25 லட்ச ரூபாய் செலவுத்தொகை விதித்து, இனி எந்த நீதிமன்றத்திலும் பொதுநல வழக்கே போடக் கூடாது என்று தடை செய்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் கோபம் புரிகிறது. ஆனால் அனுமதி வாங்கிப் போடு என்பதற்கும் போடவே கூடாது என்பதற்கும் தூரம் அதிகம், 1949 சட்டத்தை எழுதியவர்கள் அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை.

இந்த மனிதர்கள் ஏன் நிறுத்துவதில்லை என்பதை மனநல மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள், ஜெர்மன் மொழியில் இதற்கென்றே தனிச்சொல் இருக்கிறது. 2004ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குறைதீர்ப்பு அலுவலகங்களுக்கு விடாமல் புகார் அனுப்பியவர்களைச் சாதாரணப் புகார்தாரர்களோடு ஒப்பிட்டார்கள். விடாப்பிடிக்காரர்களின் கடிதங்கள் நீளமானவை, அடிக்கோடுகளும் ஓரக்குறிப்புகளும் நிறைந்தவை. அதைவிட முக்கியம், அவர்கள் கேட்டது வேறு. மற்றவர்கள் பணமோ திருத்தமோ கேட்டார்கள். இவர்கள் தாங்கள் சொன்னதே சரி என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும், எதிராளி தண்டிக்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள். எந்த நீதிமன்றமும் கொடுக்க முடியாத ஒன்று அது, ஜெயித்தவருக்கே கிடைக்காது. இதை வைத்துக்கொண்டு வம்பு வழக்காளர் எல்லாருக்கும் மனநோய் என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நல்ல வக்கீல் முதல் வழக்கின்போதே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஏன் தோற்றோம் என்று புரியும்படி சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருக்கக்கூடியவர்களும் அவர்களில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்து அரசு தன் இணையதளத்தில் வம்பு வழக்காளர் பட்டியலை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கால வரம்பு குறிப்பிடாத உத்தரவு என்றால் அது ஆயுளுக்கும் நிற்கும், ஆகவே பல பத்தாண்டுகளுக்கு முந்தைய உத்தரவுகளும் அதில் இருக்கின்றன. பெயர், உத்தரவின் தேதி, அவ்வளவுதான். முதல் வழக்கு எதைப் பற்றியது, அந்த முதல் வழக்கில் நியாயம் யார் பக்கம் இருந்தது என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் இடமில்லை.